விலைக்கழிவில் ஓர் இராச்சியம்

"அந்தப் பாட்ட எடுத்துருங்க தங்கச்சி. அதெல்லாம் கேக்க எங்களுக்கு நேரமில்ல."

கடைக்காரப் பெண் ஷஹ்மா திரையில் இருந்த பொதியிலிருந்து பாட்டை எடுத்தாள். விலை ஏறியது.

ஜெயராஜ் கண்ணைக் கசக்கிவிட்டுத் திரையைப் பார்த்தார். ஏறித்தான் இருந்தது.

கண்டி பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கம்பியூட்டர் கடைக்கு, தூசி அடைத்த கீபோர்டைத் துப்புரவாக்கத்தான் அவர் மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்திருந்தார். லெப்டொப், மகன் நிரோஷன் கட்டாருக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப்போனது. கடையின் இணைப்பு கிடைத்ததும் விளம்பரம் ஒன்று வந்து நின்றது. அவர் அதில் விளையாடும் ராசா சண்டை விளையாட்டுக்கு ஏழு புதுச் சேர்க்கைகள், ஒரே பொதியாக, முக்கால்வாசி விலைக்கழிவு, இன்று மட்டும்.

முக்கால்வாசி என்றதும் அவருக்குச் சந்தேகம். கொழுந்து மூட்டை தூக்கியே முதுகு வளைந்த மனிதர். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது இலையில் ஒட்டிய தண்ணிக்கென்று கழிப்பார்கள், சாக்குக்கென்று கழிப்பார்கள். கழிப்பவன் தனக்கு நட்டமாக ஒருநாளும் கழித்ததில்லை. ஆகவே இந்தப் பொதிக்குள் காம்பும் முத்தல் இலையும் கிடக்கும். பொறுக்கி வீசிவிட்டு நல்லதை மட்டும் வாங்க வேண்டும்.

படைவீரர்களுக்குப் பட்டுச்சட்டை ஒன்று இருந்தது. சண்டைக்குப் போகிறவனுக்குப் பட்டு எதற்கென்று அதையும் எடுக்கச் சொன்னார். விலை இன்னும் ஏறியது. குதிரைச் சேணமும் போனது. மறுபடி ஏறியது.

"கொழுந்துல காம்ப எடுத்தா நெற கொறையும். ஒங்க கடையில கூடுது."

"முழுசா எடுத்தாத்தான் கழிவு அங்கிள். உடைச்சா ஒவ்வொண்டும் முழு விலை."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஜெயராஜ் விடவில்லை. நாட்டுக்குள் ஓர் ஆற்றை ஓடவிடும் சேர்க்கை மட்டும் கட்டாயம் வேண்டுமென்றார். எதிர்ப்பக்க ராசாவின் நாட்டிலும் அந்த ஆறு ஓடுமா என்று கேட்டார். ஓடும் என்றாள். அப்படியென்றால் சரி, பிள்ளை பாலைவனத்தில் கிடந்து காய்கிறான் என்றார்.

நிரோஷன் போன் எடுப்பதே அபூர்வம். எடுத்தாலும் சாப்பிட்டீங்களா, மருந்து குடிச்சீங்களா, வைக்கிறேன். அவ்வளவுதான். ஆனால் போகும்போது விளையாட்டைச் சொல்லிக்கொடுத்து, நீலக்கொடி ராசாவுக்குத் தன் பெயரை எழுதி வைத்திருந்தான். நீல ராசா நான்தாம்ப்பா, எப்ப வேணும்னாலும் வாங்க என்றும் சொல்லியிருந்தான்.

அன்றிலிருந்து வேலை முடிந்து வந்தால் ஜெயராஜ் லெப்டொப்பின் முன்னால்தான். மனைவி அழகம்மா தேத்தண்ணியோடு பக்கத்தில் உட்காருவாள். புள்ள வேல முடிஞ்சி களைச்சுப் போய் வந்திருப்பான், வெட்டிராதீங்க என்பாள். அவரும் படையைப் பின்னுக்கு இழுப்பார். நீல ராசா ஒருநாள் இவர்களுடைய நெற்களஞ்சியத்தைக் கொளுத்தியபோது, பையன் நல்ல தெம்பாக இருக்கிறான் என்று இருவரும் நிம்மதியாகப் படுத்தார்கள். போனில் ஒருமுறை, ஏண்டா களஞ்சியத்தக் கொளுத்துன என்று கேட்டதற்கு நிரோஷன் சிரித்தான். அழகம்மா அந்தச் சிரிப்பைப் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பொதியில் மிச்சமிருந்தவற்றில் ஆகக் கூடின விலை கடைசிச் சேர்க்கைக்குத்தான். அது என்னவென்று ஜெயராஜ் கேட்டார். ரெண்டு பேர் ரெண்டு ஊரில் இருந்துகொண்டு ஒருவரோடு ஒருவர் விளையாடுவதற்கு என்றாள் ஷஹ்மா.

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. தேடிய காம்பு அகப்பட்டது. பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அத மொதல்ல கழிங்க தங்கச்சி. நாங்க அப்பனும் மகனும் ரெண்டு வருசமா அதத்தானே செஞ்சுக்கிட்டு இருக்கோம்."

ஷஹ்மா விளையாட்டைத் திறந்து பார்த்தாள். நீலக்கொடியைப் பார்த்தாள். மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னாள்.

"அது இல்லாம ரெண்டு பேர் விளையாட ஏலா அங்கிள். நீல ராசாவா விளையாடுறது இந்தக் கம்பியூட்டர்தான், பேரு மட்டும்தான் உங்கட மகன்ட."