டார்ப்லி காருக்கு வழி விடுங்கள்

"அணைஞ்சு தொலையேன், சனியனே!" வெண்டல் டார்ப்லி விளக்குப் பொத்தானை ஓங்கிக் குத்தினார். பொத்தான் கையோடு வந்துவிட்டது. பட்டப்பகலில் முகப்பு விளக்கு இரண்டும் எரிந்துகொண்டே இருந்தன.

மணி பதினொன்றேகால். பன்னிரண்டுக்குள் கார் தானே ஓடி நீதிமன்றச் சதுக்கத்துக்கு வந்து சேராவிட்டால், ஊர்நாள் ஊர்வலத்தில் முதல் இடம் ப்யூஃபர்டு ஸ்கேக்ஸின் காருக்குப் போய்விடும். எங்கேயோ செய்த தகரத்தைக் காசு கொடுத்து வாங்கியவன்! வெண்டலின் தாத்தா இதே லாரன்டன் ஊரில், குதிரைவண்டிப் பட்டறையில், தொண்ணூறு கார் செய்தார். மிஞ்சியது இந்தக் கறுப்புக் கார் ஒன்றுதான். அதுவும் பின்னால் போனால் வெண்டல் எந்த முகத்தோடு வெளியே நடப்பார்?

தேவாலய முனையிலிருந்து மணிக்குப் பத்து மைல் வேகத்தில் ஊர்ந்தார். எதிரே வந்த லாரி ஓரம் கட்டியது. லாரிக்காரர் இறங்கி, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

வெண்டலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜார்ஜியாவில் பகலில் விளக்கெரிய மெதுவாகப் போனால், அது சவ ஊர்வலம்தான்.

"யாரும் சாகலய்யா! தொப்பியைப் போட்டுக்கிட்டு வேலையப் பாரு!"

"மனசத் தேத்திக்குங்கய்யா," என்றார் லாரிக்காரர்.

திரும்பிப் பார்த்தால் பின்னால், தார்ப்பாய் போட்டு மூடிய சுமையோடு ஒரு பிக்கப் வண்டி. அதன் பின்னால் இருபது கார். எல்லாவற்றிலும் விளக்கு.

முந்திப் போகச் சொல்லிக் கையை வீசினார். நாற்சந்திப் போலீஸ்காரர் அதைப் பார்த்து, குறுக்குப் போக்குவரத்தை நிறுத்தி, சிவப்பு விளக்கிலேயே அத்தனை பேரையும் அவர் பின்னால் அனுப்பிவைத்தார். சல்யூட் வேறு.

இவர்களை உதறிவிட வெண்டல் பருத்தி ஆலைச் சந்தில் திருப்பினார். இருபது காரும் திரும்பின. அங்கே ரேடியேட்டர் கொதித்து, கார் நின்றது. ஒரு வீட்டுக்காரி தண்ணீரோடு, அப்போதுதான் சுட்டெடுத்த பீச் பழப் பலகாரமும் கொண்டுவந்தாள்.

"யாருங்கய்யா தவறினது?"

"என் பொறுமை!"

"பாவம், துக்கத்துல பேசுறாரு," என்று பலகாரத் தட்டை அவர் மடியில் வைத்தாள். சூடு தொடையைச் சுட்டது.

வெண்டல் துள்ளி எழுந்து பிக்கப் வண்டியிடம் ஓடினார். ஓட்டிவந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இவளுமா?

"ஏம்மா, உனக்கு வேற வேலையே இல்லையா? முந்திக்கிட்டுப் போய்த் தொலையேன்!"

"இன்னிக்கு எங்களுக்கு அவசரமே இல்லீங்கய்யா. நீங்க நிதானமாப் போங்க."

ஊருக்கே பைத்தியம் பிடித்துவிட்டது என்று பல்லைக் கடித்துக்கொண்டு காரைக் கிளப்பினார்.

பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் கார் சதுக்கத்தில் நுழைந்தது. வாத்தியக்காரர்கள் முழக்கத்தைச் சட்டென்று நிறுத்தினார்கள். ப்யூஃபர்டு தொப்பியைக் கழற்றினான்.

"யாரு போனது, வெண்டல்?"

"உன் முதல் இடம்! அதுதான்டா செத்துச்சு!"

விழாச் செயலாளர் கடிகாரத்தைப் பார்த்து, டார்ப்லி காரை முதலில் எழுதிக்கொண்டார். வாத்தியம் மறுபடி முழங்கியது. வெண்டல் நிமிர்ந்து நின்று, காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார்.

பிக்கப் வண்டிக்காரி தயங்கித் தயங்கி அவர் அருகே வந்தாள்.

"ஐயா, நாங்க வெளியூரு. பழைய கறுப்புக் கார் ஒண்ணு முன்னால போகும், அது பின்னாலயே வாங்கன்னு அடக்கம் பண்றவங்க சொன்னாங்க, வந்துட்டோம். எங்க வீட்டுக்காரரோட சவப்பெட்டியை இந்த மேளக்காரங்க பக்கத்துலயா இறக்கணும்?"