அப்பா பேட்ஜைத் திருப்பி அனுப்பு, மாப்ளே!

அன்பு மாப்பிள்ளை பாலகுருவுக்கு,

துபாய் சோனாப்பூர் லேபர் கேம்ப்பிலிருந்து உன் அக்காள் புருஷன் பொன்னுச்சாமி எழுதும் மடல். இங்கு நானும் என் அறை நண்பர்களும் வெயிலைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். அங்கு உன் அக்கா சரசு, என் மகள் அகிலா, உன் வீட்டு ஆடு, மாடு, கோழி அனைவரும் சுகமாக இருக்க முருகப்பெருமானை வேண்டுகிறேன். உன் சுகத்தை மட்டும், மனசு ஆறியிருந்தால், கடைசியில் விசாரிக்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ நினைக்கலாம். போனில் நான் உன்னைத் திட்ட ஆரம்பித்தால் சரசு பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, "என் தம்பியவா சொல்றீங்க?" என்று போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். அப்புறம் நான்தான் திட்டு வாங்கிக்கொண்டு வைக்க வேண்டியிருக்கிறது. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. என் அறை நண்பர் சாதிக் பாட்ஷா இந்த வாரம் லீவில் ஊருக்கு வருகிறார். அவர் கையில் இதையும், முதுகுவலித் தைலமும், கொஞ்சம் பேரீச்சம்பழமும் கொடுத்துவிட்டிருக்கிறேன். பழத்தைத் தின்றுகொண்டே படி. வாயில் இனிப்பு இருந்தால்தான் இது இறங்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். அகிலாவின் பள்ளிக்கூடத்தில் ஷியாமளா டீச்சர் நடத்தும் இளந்தளிர் அணியில் 'அப்பாவும் பெண்ணும்' என்று ஒரு விருது வைத்தார்கள். அப்பாவும் மகளும் சேர்ந்து சமைக்க வேண்டும். அப்பா தன் வேலையை மகளுக்குச் செய்து காட்ட வேண்டும். மகளுக்கு சைக்கிள் பழக்க வேண்டும். எல்லாம் முடித்தால் ஆண்டு விழாவில் மகளுக்குப் பதக்கம், அப்பாவுக்குப் பேட்ஜ். அப்பா வெளிநாட்டில் இருந்தால் தாய்மாமன், சித்தப்பா யாராவது நிற்கலாம் என்று டீச்சர் சொன்னதும் நீ காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாயாம். அகிலாதான், "எங்க அப்பா போன்ல வருவாரு டீச்சர், மாமா சும்மா கூட நின்னா போதும்"னு சொல்லியிருக்கா. அதக் கேட்ட அன்னிக்கு கட்டட வேலையில சாரத்துல ஏற எனக்கு ஏணியே தேவைப்படல மாப்ளே. 'சும்மா கூட நிற்பது' என்றால் என்ன என்பதை உனக்கு விளக்கத்தான் இந்தக் கடிதம்.

முதலில் சமையல். ரவா கிச்சடி என்று முடிவாயிற்று. இங்கே கேம்ப் கிச்சன்ல ஒரு அடுப்புக்கு ஒன்பது பேர் வரிசையில நிப்பான். சாதிக் பாட்ஷா போய் ஒவ்வொருத்தன் கிட்டயும் "பாய், இவரு பொண்ணுக்குப் பரீட்சை"ன்னு கெஞ்சி எனக்கு ஒரு அடுப்பு வாங்கிக் குடுத்தாரு. நான் இங்க கிண்டுறேன், அகிலா அங்க கிண்டுறா, போட்டிம் வீடியோ கால்ல ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிறோம், எவ்வளவு அழகா போச்சு! நான் "உப்பு போடும்மா"ன்னு சொன்னேன். நெட்டு இழுத்ததுல அது அங்க திரும்பத் திரும்பக் கேட்டுச்சு போல. மொதல்ல அகிலா போட்டா. ரெண்டாவது தடவை என் குரல் கேக்கவும் சரசு போட்டா. இது வரைக்கும் பரவாயில்ல. சும்மா கூட நிக்க வேண்டிய நீ எதுக்குடா ஒரு கை அள்ளிப் போட்ட? டீச்சர் ஒரு வாய் வெச்சுட்டு சொம்புத் தண்ணி முழுக்கக் குடிச்சுட்டு, 'முயற்சி நன்று'ன்னு போட்டாங்க. நல்ல மனசு அவங்களுக்கு.

அடுத்தது அப்பாவின் வேலை. சைட்ல போன் எடுக்கக் கூடாதுன்னு கம்பெனி ரூல். அதனால நான் ரூம்லயே ஹெல்மெட், பெல்ட், ஷூ எல்லாம் மாட்டிக்கிட்டு, ரெண்டடுக்குக் கட்டிலையே சாரமா வெச்சு ஏறிக் காட்டுறதுன்னு ஏற்பாடு. சாதிக் பாட்ஷா போனைப் பிடிச்சுக்கிட்டாரு. டீச்சர் அதை வகுப்புல பெரிய திரையில போட்டுட்டாங்கன்னு எனக்கு யாருமே சொல்லல. நான் மேலே ஏறி, ஜன்னல் கம்பியில கொக்கிய மாட்டி, "இப்படித்தான் கண்ணு, மாட்டின பிறகுதான் கைய விடணும்"னு சொல்லி கைய விட்டேன். கட்டில் ஒரு பக்கம் சரிஞ்சு போச்சு. நான் பெல்ட்ல தொங்குறேன். அங்க பிள்ளைங்க எல்லாம் கைதட்டுது, இதுவும் செயல்முறை விளக்கம்னு நெனச்சு! சத்தம் கேட்டு கேம்ப் பாஸ் ஓடி வந்தாரு. "க்யா ஹுவா பாய்?"ன்னு அதட்டிக்கிட்டே வந்தவரு போன்ல டீச்சரப் பாத்ததும் ஹெட் ஆபீஸ் மேடம் செக்கிங் பண்றாங்கன்னு பயந்து, விறைச்சு நின்னு, "மேடம், கட்டில் அச்சா, ஏசி அச்சா, மாஃபி முஷ்கில், நோ ப்ராப்ளம்"னு சல்யூட் அடிச்சாரு. நான் அவரு தலைக்குப் பக்கத்துலயே ஆடிக்கிட்டு இருக்கேன். எல்லாரும் சிரிச்சாங்க, அகிலா மட்டும் சிரிக்கல. "அப்பா, தினமும் இப்படித்தான் தொங்குவீங்களா?"ன்னு கேட்டா. "இல்ல கண்ணு, சைட்ல எல்லாம் இறுக்கமா இருக்கும், இந்தக் கட்டில்தான் லொடக்கு"ன்னேன். அதுக்கப்புறம்தான் சிரிச்சா. முழு மார்க் வாங்கினோம். இதுல நீ தலையிடல, அதனால்தான் முழு மார்க் என்பதைக் கவனிக்கவும்.

சைக்கிளுக்கு வருவோம். அன்னிக்கு அரைநாள் டூட்டி. கம்பெனி பஸ்ல ரூமுக்குத் திரும்பிக்கிட்டு இருக்கோம். நீ போனை ஹேண்டில்பார்ல கயிறு போட்டுக் கட்டி, சீட்டைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னால ஓடி வர்றே. அகிலா மூஞ்சி எனக்குத் தெரியுது, நாக்கக் கடிச்சுக்கிட்டு மிதிக்கிறா. பஸ்ல இருந்த அத்தனை பேரும் என் சீட்டுக்கு வந்துட்டாங்க. தெலுங்குக்காரன், பெங்காலி, பாகிஸ்தானி எல்லாருக்கும் அன்னிக்கு அவதான் பொண்ணு. அந்த நேரம் பாத்து எதுத்தாப்ல உங்க வீட்டு எருமை வருதுன்னு நீ கத்தினியே, நான் அலறினேன், "பிரேக்! பிரேக்கப் பிடி!" பஸ்ஸே சேர்ந்து கத்துச்சு, "பிரேக்! பிரேக்!" எங்க பஸ் டிரைவர் பதறிப் போயி ஒரே அழுத்தா அழுத்திட்டான். நடு ரோட்டுல பஸ் நிக்குது, நாங்க எல்லாம் ஒருத்தன் மேல ஒருத்தன் கிடக்கோம், என் சாப்பாட்டுத் தூக்கு டிரைவர் காலடியில உருளுது. போன எடுத்துப் பாத்தா, அங்க கயிறு தளர்ந்து உன் போன் மல்லாந்துடுச்சு போல, வெறும் வானம். அகிலா சிரிக்கிற சத்தம் மட்டும் கேக்குது. "மாமா விட்டுட்டாரு அப்பா! நானே ஓட்டுறேன்!"ங்கிறா. "லட்கி கிர் கயீ?"ன்னு எல்லாரும் கேட்டாங்க. "விழல பாய், ஓட்டுறா"ன்னேன். பஸ் முழுக்கக் கைதட்டினாங்க, திட்டிக்கிட்டு இருந்த டிரைவர் உட்பட. ஆனா மாப்ளே, அவ ஓட்டுனத நான் பாக்கல. நீ பாத்த. சீட்டை விடுறதுக்கு முன்னாடி போனை நேரா வெச்சுட்டு விட்டிருக்கலாம்ல?

சரி, அதையும் மன்னிச்சேன். விழாவுக்கு வா. நான் லீவு சொல்லிட்டு, தேய்ச்ச சட்டை போட்டு, பவுடர் அடிச்சு, பெட்டு மேல உக்காந்திருக்கேன். ரூம்ல இருக்கிறவங்க, பக்கத்து ரூம்காரங்க, எல்லாரும் சுத்தி நிக்கிறாங்க, நடுவுல ஜிலேபி. மைக்ல "அகிலா, தந்தை பொன்னுச்சாமி"ன்னு கூப்பிடுறாங்க. நீ என்ன பண்ணின? போனை சட்டைப் பாக்கெட்டுல போட்டுட்டு மேடை ஏறிட்ட! நாங்க அத்தனை பேரும் உன் பாக்கெட்டு இருட்டைத்தான் பாத்துக்கிட்டு இருந்தோம். உன் நெஞ்சு தடக்கு தடக்குன்னு அடிக்கிறது மட்டும் நல்லாக் கேட்டுச்சு. அப்ப, பதக்கம் குடுக்க வந்த மேடம் போல, ஒரு பொம்பளக் குரல், "நீங்கதான் அப்பாவா? ரொம்பப் பெருமையா இருக்கு"ங்குது. நீ "ஆமாங்க"ங்கிற! ரூமே என்னப் பாக்குது. ஜிலேபிய வாயில வெச்சவன் அப்படியே நிக்கிறான். எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நீயே சொல்லு.

அப்பத்தான் என் மக குரல் வந்துச்சு. "இல்லங்க மேடம். இவரு எங்க மாமா. எங்க அப்பா இவரு பாக்கெட்டுல இருக்காரு."

அங்க பந்தலே சிரிச்சுச்சு, இங்க ரூமும் சிரிச்சுச்சு. நான் சிரிச்சேனா என்னவோ, மூக்க உறிஞ்சினது மட்டும் ஞாபகம். நீ அவசரமா போனை வெளிய எடுத்தே, தலைகீழா. பந்தல் தெரிஞ்சுது, உன் மூக்கு ஓட்டை தெரிஞ்சுது, அப்புறம் பதக்கத்தோட அகிலா தலைகீழாத் தெரிஞ்சா, உடனே லைன் கட்டாயிடுச்சு. இப்ப சைட்ல என் பேரு 'பாக்கெட் அப்பா'. ஃபோர்மேன்கூட அப்படித்தான் கூப்பிடுறான்.

அப்புறம் நீ அனுப்பின போட்டோவப் பாத்தா, பேட்ஜ் உன் சட்டையில! அதைக் குத்திக்கிட்டு நீ டீக்கடை, ரேஷன் கடை, கல்யாண வீடுன்னு சுத்துறதா சரசு சொன்னா. மாப்ளே, நியாயத்தப் பேசுவோம். அவளுக்குக் காது குத்தினப்ப உன் மடியிலதான் உக்கார வெச்சோம். நாளைக்கு சடங்குன்னா உன் சீர்தான் முதல்ல. கல்யாணத்துலயும் உனக்குத்தான் முதல் மரியாதை. ஊரு உலகத்துல எல்லா உரிமையும் தாய்மாமனுக்கு எழுதி வெச்சாச்சு. அப்பான்னு எழுதி எனக்குன்னு இருக்கிறது அந்த ஒரு பேட்ஜ்தான்டா. ஆகவே, சாதிக் பாட்ஷா திரும்பி வரும்போது அந்தப் பேட்ஜை பஞ்சில் சுற்றி, டப்பாவில் வைத்து, அவர் கையில் மரியாதையாகக் கொடுத்தனுப்பவும். இனி வரும் காலங்களில் யார் கேட்டாலும், எந்த மேடையிலும், அகிலாவின் அப்பாவாக நீ நிற்கக் கூடாது என்பதை இதன் மூலம் கண்டிப்புடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

சரசுவுக்கு என் அன்பு. அகிலாவுக்கு ஆயிரம் முத்தம். ஷியாமளா டீச்சருக்கு வணக்கமும், கிச்சடிக்காக என் வருத்தமும். மனசு கொஞ்சம் ஆறிவிட்டது. நீ சுகமா? அந்த எருமை சுகமா?

இப்படிக்கு,
அகிலாவின் அப்பா (ஒரே அப்பா)
பொன்னுச்சாமி

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது அகிலா போன் பண்ணினாள். விருதில் அடுத்த படி இருக்கிறதாமே? அப்பாவும் மகளும் ஒன்றாகக் கிணற்றில் குதித்து நீந்த வேண்டுமாம். மாப்ளே, மேலே எழுதியது எதையும் மனசில் வைத்துக்கொள்ளாதே. பேட்ஜ் உன்னிடமே இருக்கட்டும், உனக்குத்தான் அது எடுப்பாக இருக்கிறது. யார் கேட்டாலும் 'நான்தான் அப்பா' என்று தைரியமாகச் சொல்லிவிட்டுக் குதி. எனக்கு நீச்சல் தெரியாது என்பதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே. அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிடு.