சலாமுக்குச் சாயும் புல்லட்

இந்த மும்பையில் வேகமாகப் போய் விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அசையாமல் நின்றுகொண்டே விழுந்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். ரேஷன் கார்டில் அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். செம்பூரிலிருந்து தாராவி வரை எல்லோருக்கும் அவர் கிர்கயா பாய். 'கிர் கயா' என்றால் இந்தியில் 'விழுந்துவிட்டது'. அவருடைய கறுப்பு புல்லட் முனையில் திரும்பும்போதே காய்கறி வண்டிக்காரர்கள் அந்தச் சொல்லைக் கூவிவிடுவார்கள். வண்டி அதற்குப் பிறகுதான் விழும்.

பாய்க்கு இதில் ஒரு திருத்தம் உண்டு.

"நான் எங்க விழுந்தேன்? வண்டில்லா விழுந்துச்சி. நான் நின்னுக்கிட்டுதான இருக்கேன்?"

அதுவும் உண்மைதான். வண்டி தரையில் கிடக்கும். பாய் பக்கத்தில் சட்டை கசங்காமல் நிற்பார், யாரோ ஒருவருடைய வண்டியைப் பார்ப்பதுபோல.

கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் தோல் பை செய்யும் பட்டறை வைத்து, பல வருடம் நடத்தி, பிறகு அதை மருமகன் முறை உள்ள ஒரு பையனிடம் கொடுத்துவிட்டவர். மனைவி போன பிறகு செம்பூரில் எங்கள் பக்கத்துக் கட்டடத்தில் தனியாக இருந்தார். மற்றவர்கள் முழங்கால் மாற்றும் வயதில் அவர் புல்லட் வாங்கினார். ஆள் ஊதுவத்தி மாதிரி இருப்பார். வண்டியோ எருமை. இரண்டுக்கும் எப்படிப் பொருத்தம் பார்த்தார் என்று தெரியவில்லை.

நான் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக் குடும்பத்தான். இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பிற்பகலில் மாட்டுங்காவுக்குப் போய், என்னைப் போன்ற நாலு பேரோடு காபி குடித்துவிட்டு வருவதுதான் என் பென்ஷன் காலத்து உத்தியோகம். பாய் அதே நேரத்தில் பட்டறைக்குப் போவார். அவர் போகாவிட்டால் அங்கே ஊசியில் நூல் ஏறாது என்று அவருக்கு எண்ணம். "வழிதான சாமி, ஏறுங்க" என்றார் ஒரு நாள். ஏறினேன்.

நெடுஞ்சாலையில் அவர் ஓட்டுவதைப் போல் சுத்தமாக ஓட்டுகிறவரை நான் பார்த்ததில்லை. சயான் மேம்பாலத்தில் லாரிகளுக்கு நடுவே ஜரிகை தைப்பதுபோல் போவார். நான் கண்ணை மூடிக்கொண்டு சகஸ்ரநாமம் ஆரம்பிப்பேன். திறக்கும்போது பாலம் முடிந்திருக்கும்.

தொல்லை தாராவிக்குள் நுழைந்ததும்தான். அங்கே பாயைத் தெரியாதவர் கிடையாது. நெரிசலில் வண்டி நடையாய் நடக்கும், பிறகு நிற்கும். அந்த நேரம் பார்த்து எவராவது டீக்கடையிலிருந்து சலாம் சொல்வார். பாயின் வலது கை உடனே பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் விட்டுவிட்டு நெற்றிக்குப் போகும். கை மேலே போக, வண்டி கீழே போகும். வணக்கம் என்றாலும், ராம் ராம் என்றாலும் கை அதே கைதான், பலனும் அதே பலன்தான். பாய்க்குச் சாதி மத வித்தியாசம் இல்லாமல் யார் மரியாதை செய்தாலும் புல்லட் சாய்ந்தது.

அது திடீரென்று விழாது. முதலில் பாயின் இடது கால் கொஞ்சம் நகரும். அவர் முகத்தில் ஏதோ பழைய விஷயத்தை ஞாபகப்படுத்திக்கொள்கிற பாவம் வரும். பிறகு கண்டக்டர் ஸ்டாப் பெயர் சொல்வதுபோல் அமைதியாகச் சொல்வார்:

"இறங்குங்க சாமி."

நான் இறங்குவேன். சாய்ந்துகொண்டிருக்கும் வண்டியிலிருந்து எந்தப் பக்கம், எந்தக் காலை முதலில் எடுத்து இறங்க வேண்டும் என்பதை எழுபது வயதுக்கு மேல் கற்றுக்கொண்ட ஒரே இன்சூரன்ஸ்காரன் நானாகத்தான் இருப்பேன்.

வண்டியைத் தூக்க ஓடி வருகிறவர்களுக்கு பாய் கட்டிங் சாய், அதாவது அரை கிளாஸ் டீ, வாங்கிக் கொடுப்பார். அதனால் தூக்குகிறவர்கள் பெருகினார்கள். ஒரு நாள் நாங்கள் சாயாமல் அந்த டீக்கடை முனையைத் தாண்டிவிட்டோம். பின்னாலிருந்து ஒரு குரல் மனம் உடைந்து கேட்டது: "க்யா சாச்சா, ஆஜ் நஹீ கிரா?" என்ன சித்தப்பா, இன்றைக்கு விழவில்லையா என்று. பாய் வருத்தம் தெரிவிப்பதற்காகக் கையைத் தூக்கினார். வண்டி சாய்ந்தது, அன்றைய டீயும் ஓடியது.

நான் புத்தி சொல்லாமல் இல்லை.

"பாய், இடது கையால சலாம் சொல்லப்படாதா?"

"இடது கையாலயா? அதுக்கு நான் அவன நாலு வார்த்தை ஏசிட்டுப் போயிருவேனே."

"தலையை ஆட்டினா போறாதா?"

"நான் என்ன பூம்பூம் மாடா?"

பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் அஸரத்தே சொல்லிப் பார்த்தார், வாயால் பதில் சொன்னால் போதும், கை கட்டாயமில்லை என்று. பாய் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். வெளியே வந்ததும் என்னிடம், "அஸரத்து ஹெல்மெட் போட்டதில்ல சாமி. வாயால சொன்னா உள்ளயே சுத்திக்கிட்டு நிக்கும். கை போனாத்தான் ஆளுக்குப் போய்ச் சேரும்" என்றார்.

விழுவதை நிறுத்த முடியாது என்று தீர்மானமானதும் அவர் பட்டறையில் உட்கார்ந்து வண்டிக்கு இரண்டு தோல் திண்டு தைத்தார். உள்ளே பஞ்சு, ஓரத்தில் இரட்டைத் தையல். வண்டியின் இருபுறமும் கம்பியில் அவற்றைக் கட்டினார். அதன் பிறகு புல்லட் விழுந்தால் சத்தமே வராது. சாப்பாடு முடிந்த மாமனார் போல ஒருக்களித்துப் படுக்கும், அவ்வளவுதான்.

ஒரு தடவை மாட்டுங்காவில், என் காபி நண்பர்கள் உட்கார்ந்திருந்த ஓட்டலுக்கு நேர் எதிரில், வாழையிலை விற்கும் தாராவிக்காரர் ஒருவர் சலாம் சொல்லிவிட்டார். நான் இறங்கினேன். இறங்கிய வேகத்தில் நடைபாதைக்குப் போய், வேடிக்கை பார்த்தவர்களோடு நின்று, "யாரு இது? அடி பட்டுதோ?" என்று நானும் விசாரித்தேன். பாய் என்னைப் பார்த்தார். மறுநாள் வழக்கம்போல "ஏறுங்க சாமி" என்றார். எனக்குத்தான் ஏறக் கால் கூசியது.

இப்போது ரஹ்மத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாயின் ஒரே மகள். கடற்கழிக்கு அப்பால் கோபர்கைரனேயில் ஃபிளாட், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, புருஷன் கப்பலில். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்க வந்தவள் வண்டியின் தோல் திண்டுகளைக் குனிந்து பார்த்தாள். ஒன்று தேய்ந்து பஞ்சு எட்டிப் பார்த்தது. நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

"அங்கிள், உண்மையைச் சொல்லுங்க. வாப்பா வண்டியில விழுறாங்களா?"

நான் "அடிக்கடி" என்றேன்.

எப்போதாவது என்று சொல்லியிருக்கலாம். வண்டிதான் விழுகிறது, அவர் நிற்கிறார் என்று பாயின் கட்சியைப் பேசியிருக்கலாம். எனக்குச் சொந்தமில்லாத விஷயத்தில் எனக்கு எப்போதும் உண்மை மிகச் சுலபமாக வரும். அந்த ஒரு சொல்லுக்காக நான் இன்றும் வருந்துகிறேன்.

ஒரு வாரத்தில் பாய் கோபர்கைரனேக்குக் குடிபோனார். வண்டியும் போனது, ஒரு நிபந்தனையோடு. என் முன்னால்தான் அவள் அதைச் சொன்னாள்.

"ஒரே ஒரு தடவை விழுந்தாலும் போதும் வாப்பா. அன்னைக்கே வித்துடுவேன். ஃபைனல்."

"விழாது" என்றார் பாய்.

"நீங்க சொல்றது வண்டியா, நீங்களா?"

"ரெண்டும்தாம்மா."

சில மாதம் கழித்து நான் அவரைப் பார்க்கப் போனேன். செம்பூரில் ரயில் ஏறி, மான்குர்த் தாண்டி, கடற்கழியைக் கடந்து, வாஷியில் மாறி, கோபர்கைரனே ஸ்டேஷனில் இறங்கினால், வெளியே புல்லட்டோடு பாய் நின்றார். இளைத்திருந்தார். இளைக்க அவரிடம் என்ன மிச்சம் இருந்தது என்று வியந்தேன்.

"எத்தனை தரம் விழுந்தேள்?" என்று ரகசியமாகக் கேட்டேன்.

"ஒரு தரங்கூட இல்ல சாமி" என்றார். துக்கம் சொல்கிற குரல்.

ஏறி உட்கார்ந்தேன். அகலமான தெருக்கள், வரிசையாகக் கட்டடங்கள். பாய் இரண்டு பக்கமும் பார்க்காமல் கடிவாளம் போட்ட குதிரை மாதிரி ஓட்டினார். ஒரு முனையில் வேகத்தடைக்காக மெதுவானபோது, சைக்கிளில் இளநீர் விற்கும் வாலிபன் ஒருவன் கையை உயர்த்தி சலாம் சொன்னான். பாய் கல்லாய்ப் போனார். வண்டி நேராக நகர்ந்தது.

"பாய், கேக்கலையா?"

"கேட்டுச்சி."

கொஞ்ச தூரம் போய், ஒரு சுவரோரம் நிறுத்தி, வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் ஏற்றினார். "இருங்க, வாரேன்" என்று ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, அந்த வெயிலில் வந்த வழியே நடந்து போனார். இளநீர்க்காரன் முன்னால் நின்று, கையை நெற்றிக்குக் கொண்டுபோய், ஏதோ விசாரித்துவிட்டு வியர்வையோடு திரும்பினார்.

"பதில் சலாம பாக்கி வைக்கப்பிடாது" என்றார்.

பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னார். "இங்க யாரையும் நான் தெரிஞ்சிக்கிடல சாமி. தெரிஞ்சா சலாம் சொல்லுவான். சொன்னா கை போவும். கை போச்சின்னா வண்டி போவும். ரஹ்மத்து சொன்னா சொன்னதுதான். பள்ளிக்குக் கூட எல்லாரும் தொழுகைக்கு தக்பீர் கட்டுன பொறவுதான் போறேன், முடிஞ்ச உடனே முத ஆளா வெளிய வந்துருவேன். ஒருத்தனுக்கும் மூஞ்சி தெரியக்கூடாதுல்லா? இந்தப் பயலுக்கு எப்படித் தெரிஞ்சிச்சோ."

மறுபடி ஏறினோம்.

அவர்கள் கட்டடத்து வாசலில் வாட்ச்மேன் கம்பியைத் தூக்குவதற்காக பாய் வண்டியை நிறுத்தினார். இடது கால் தரையில், வலது கை பிரேக்கில். மூன்றாம் மாடி பால்கனியில் ரஹ்மத் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது பின்னால் சைக்கிள் மணி கேட்டது. இளநீர்க்காரன். ஒரு பெரியவர் வெயிலில் நடந்து வந்து தனக்கு பதில் சலாம் சொன்னதில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு இளநீரைக் கையில் தொங்கவிட்டபடி, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, "அஸ்ஸலாமு அலைக்கும், சாச்சா!" என்றான்.

பாய் மேலே பால்கனியைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"பாய், வேண்டாம்" என்றேன்.

"இறங்குங்க சாமி" என்றார் பாய்.

கை போயிற்று. வண்டியும் போயிற்று.

வாட்ச்மேன் ஓடி வந்தார். எதிர்க் கடையிலிருந்து இஸ்திரிக்காரர் வந்தார். மாவு மில்லிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். "சாச்சா, லகா க்யா?" என்று ஆளாளுக்கு அடிபட்டதா என்று கேட்டு, பாயின் முட்டியைத் தடவிப் பார்த்தார்கள். பாய் இளநீர்க்காரனின் ஊர் எது, அவன் தகப்பனார் சுகமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அத்தனை மாதத்தில் அவர் முகத்தில் அன்றுதான் ரத்தம் ஓடியிருக்கும்.

ரஹ்மத் படியிறங்கி வந்தாள். அவள் வாய் திறக்கும் முன் பாய் சாவியை நீட்டினார்.

"இந்தா, பிடி. பேச்சு பேச்சுதான்."

"கையைத் தூக்காம இருந்திருக்கலாம்ல வாப்பா?"

"சைக்கிள மிதிச்சிக்கிட்டு பின்னாலயே வந்துட்டான்மா. ரெண்டாந்தரமும் எப்படிப் பாக்காத மாதிரி இருக்க?"

மாவு மில் பெண்களில் ஒருத்தி அவளைப் பார்த்து, "நீங்க எந்த மாடி? புதுசா வந்திருக்கீங்களா?" என்று இந்தியில் கேட்டாள். ரஹ்மத் அந்தக் கட்டடத்துக்கு வந்து பல வருடம் ஆகிறது. "மூணாவது" என்றாள். குனிந்து கைப்பிடியின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினாள்.

அன்று ராத்திரியே தீர்ப்பு வந்தது. வண்டியை விற்கவில்லை. ஆனால் ஓட்டவும் கூடாது. வாசலுக்குப் பக்கத்தில் பெரிய ஸ்டாண்டில் நிற்கலாம், ஸ்டாண்டை எடுக்கக் கூடாது. சாவி அவள் பீரோவில். பாய் மேல்முறையீடு செய்யவில்லை. அவருக்கு வலித்தது என்பது எனக்குத் தெரியும். யாரும் பார்க்காதபோது, எஞ்சின் ஓடாத அந்த வண்டியின் ஆக்சிலரேட்டரை அவர் மெல்லத் திருகிப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன்.

இப்போது தினமும் சாயங்காலம் பாய் அந்தப் புல்லட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறார். போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் முழுக் கையால் சலாம். நின்று பேசாமல் ஒருவரும் தாண்ட முடிவதில்லை. பெண்களுடைய கைப்பையில் தையல் விட்டிருந்தால் அங்கேயே வாங்கித் தைத்துக் கொடுக்கிறார். ரஹ்மத் ஆபீஸிலிருந்து வரும்போது அந்தத் தெருவில் பத்துப் பேர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போகிறேன். என்னைக் கண்டதும் பாய் கொஞ்சம் முன்னால் நகர்ந்து இடம் விடுவார். நான் பின்னால் ஏறி உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொள்வேன். போகாத வண்டியில் பிடித்துக்கொள்ள ஒரு காரணமும் இல்லை. இருட்டுகிற வரைக்கும் நான் கையை எடுப்பதில்லை.