“எப்ப வேணாலும் வாங்க” என்றார் வெர்னன்

கார்டர் க்ரீக், அயோவா
அக்டோபர் 9

ஆஸ்திரியாவின் எபென்சேயில் விடுதி நடத்தும் மதிப்பிற்குரிய அக்கா ஹெர்மீனுக்கு, உன் தம்பியும் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டருமான கொன்ராட் ஹிண்டர்ஹோல்சர் அமெரிக்காவிலிருந்து வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. உன் முழங்கால்கள் இரண்டும், ஏரியில் தண்ணீரும், விடுதியில் கூட்டமும் அதனதன் அளவில் இருக்கும் என்று நம்புகிறேன். நான் இங்கே சுகம். இந்த ஊரில் சுகமா என்று கேட்காத ஆளே கிடையாது. அதைக் கீழே எழுதுகிறேன்.

நீ என்னை விமானம் ஏற்றியபோது இட்ட கட்டளை ஒன்றே ஒன்று. பன்னிரண்டு வருடமாக இங்கே நர்ஸ் வேலை பார்க்கும் என் மகள் ரோஸ்விதாவை ஆறு வாரத்துக்குள் ஊருக்கு அழைத்து வரவேண்டும், உனக்குப் பிறகு விடுதியை அவள் எடுத்து நடத்தவேண்டும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தொலைபேசியில் கூப்பிட்டு, “டேய், கேட்டியா இல்லியா?” என்கிறாய். நாலு வாரமாகியும் நான் கேட்காததற்குக் கோழைத்தனம்தான் காரணம் என்று நினைக்கிறாய். கோழைத்தனமும் உண்டு. ஆனால் இந்த நாட்டில் யார் எதைச் சொன்னால் என்ன அர்த்தம் என்று பிடிபடாமல் அவ்வளவு பெரிய கேள்வியைக் கேட்க எனக்கு இத்தனை நாள் துணிச்சல் வரவில்லை.

வந்த இரண்டாம் நாள் ரொட்டி வாங்கப் போனேன். காசு வாங்கும் இடத்தில் இருந்த பெண், முன்பின் தெரியாதவள், என் முகத்தைப் பார்த்து, “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டாள். நம் ஊரில் சொந்த டாக்டரே அப்படிக் கேட்டதில்லை என்பதால் எனக்கு மனசு இளகிவிட்டது, இடுப்பு வலியில் தொடங்கி, சிறுநீர்ப்பை, ராத்திரித் தூக்கம், என் மனைவி போய்ச் சேர்ந்த விதம், அவளுக்குப் பிறகு வீட்டில் யாரும் ஒழுங்காக முட்டைக்கோஸ் வேகவைக்காதது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன், எனக்குப் பின்னால் ஏழு பேர் நின்றார்கள், ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை, வியன்னாவாக இருந்தால் மூன்றாவது வாக்கியத்திலேயே என்னைத் தூக்கி வெளியே போட்டிருப்பார்கள். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது, மேலாளரை அழைத்தாள். அவர் ஓடி வந்தார். வந்தவர் என்ன கேட்டார் தெரியுமா? “எப்படி சார் இருக்கீங்க?” நான் மறுபடி இடுப்பிலிருந்து ஆரம்பித்தேன்.

மூன்றாம் நாள் ரோஸ்விதா தன் மருத்துவமனையைக் காட்ட அழைத்துப் போனாள். வாசலைத் தாண்டியதுமே ஒரு கடை, அதன் நெற்றியில் பெரிய எழுத்தில் ‘கிஃப்ட்’. நம் ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்கு விஷம் என்று அர்த்தம் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் சிரித்த முகத்தோடு உள்ளே போய் வண்ணக் காகிதம் சுற்றி வாங்கிக்கொண்டு மாடிக்கு ஏறினார்கள். இங்கே அதற்குப் பரிசு என்று பொருளாம். எனக்கு இது தெரிவதற்குள் ஒரு கிழவியின் கையிலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கிவிட்டேன். ரோஸ்விதா மூன்று பேரிடம் மன்னிப்புக் கேட்டாள், அவர்கள் மூன்று பேரும் அவளிடம் திருப்பி மன்னிப்புக் கேட்டார்கள். இந்த ஊர் வழக்கம் அப்படி.

அதற்குள் பக்கத்து வீட்டு விவகாரம் தொடங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் வெர்னன், சோளம் பயிரிட்டு ஓய்ந்தவர், மனைவி டார்லீன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கை நீட்டி, என் குடும்பப் பெயரைச் சொல்லிப் பார்த்து நடுவழியில் கைவிட்டு, “கொன்ராட், எப்ப வேணாலும் வீட்டுக்கு வாங்க” என்றார். யோசித்துப் பார் அக்கா, உன் பக்கத்து வீட்டுக்காரர் உன்னை உள்ளே வந்து உட்காரச் சொல்ல பதினோரு வருடம் எடுத்துக்கொண்டார், அதுவும் அவர் வீட்டுக் கூரை பறந்த அன்று. இவர் பதினோரு நிமிடத்தில் சொல்லிவிட்டார். இப்படிப்பட்ட மரியாதையைத் தட்டலாமா? மறுநாள் காலை சரியாக ஏழு மணிக்கு, நல்ல கம்பளிக் கோட்டு போட்டு, பூசணி விதை எண்ணெய் ஒரு பாட்டிலோடு கதவைத் தட்டினேன். வெர்னன் உள்ளாடையோடு திறந்தார். ஒரு கணம் யாருக்கு மாரடைப்போ என்று பார்த்தார், பிறகு உள்ளே அழைத்தார், டார்லீன் தலையில் முடி சுருட்டும் ஊசிகளோடு அப்பம் சுட்டுப் போட்டாள், கிளம்பும்போது இருவரும், “கண்டிப்பா இன்னொரு தடவை வரணும்” என்றார்கள். கண்டிப்பாக என்று சொன்ன பிறகு போகாமல் இருந்தால் நன்றாக இருக்குமா? மறுநாள் ஏழுக்குப் போனேன். எட்டு நாள் தொடர்ந்து போனேன். ஒன்பதாம் நாள் வீடு இருட்டாக இருந்தது, ஆனால் தரைவரை இறங்கிய ஜன்னலின் திரைக்குக் கீழே டார்லீனின் பாதங்கள் தெரிந்தன, பக்கத்தில் வெர்னனுடைய பாதங்கள். நாலு பாதமும் அசையாமல் நின்றன. பாவம், தூக்கத்தில் நடக்கும் வியாதி இருவருக்கும் ஒரே நேரத்தில் வந்துவிட்டது என்று நினைத்து ரோஸ்விதாவிடம் சொன்னேன்.

ரோஸ்விதா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “அப்பா, எட்டு நாளா தினமும் போனீங்களா?”

“கூப்பிட்டாங்களேம்மா.”

“அது கூப்பிடறதுக்காகக் கூப்பிட்டது இல்லப்பா. ஒரு பேச்சுக்குச் சொல்றது.”

“வராதேன்னு சொல்லணும்னா என்ன சொல்வாங்க?”

“அதையேதான் சொல்வாங்க.”

எனக்கு வந்த வெட்கத்தில் மூன்று நாள் வேலிப் பக்கமே போகவில்லை. வீட்டிலும் இருப்புக் கொள்ளாமல் தபால் நிலையம் வரை நடந்தேன். நடந்ததுதான் தப்பு. நாலு கார்கள் நின்று ஏற்றிக்கொள்ளவா என்று கேட்டன, ஐந்தாவதாக நின்றது போலீஸ். “கார் ரிப்பேரா சார்?” என்றார். இல்லை, நடக்கிறேன் என்றேன். எங்கே என்றார். எங்கேயும் இல்லை, சும்மா என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “வீட்ல உங்கள யாராவது தேடுவாங்களா?” என்றார். உன் தம்பி நாற்பது வருடம் ரயில்களுக்குக் கொடி காட்டியவன், அவனைப் போலீஸ் வண்டியின் பின்சீட்டில் உட்காரவைத்து, தெருவே பார்க்க வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்கள்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் வெர்னன் வந்தார், கையில் மூடிய தட்டோடு. “நாலு நாளா காணோம். உடம்புக்கு ஆகலியோ, இல்ல ஜெயில்ல போட்டுட்டாங்களோன்னு டார்லீன் புலம்பறா” என்றார்.

நான் ஒளிக்கவில்லை. “நீங்க கூப்பிட்டது பேச்சுக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. மன்னிக்கணும்” என்றேன்.

வெர்னன் தொப்பியைக் கழற்றி உள்பக்கத்தைப் பார்த்தார். “மொத நாள் பேச்சுக்குத்தான். அன்னிக்கு ஒளிஞ்சுகிட்டதும் நெசந்தான். ஆனா நீங்க வராம போனதும் நாங்க ரெண்டு பேரும் தட்டப் பாத்துகிட்டு உக்காந்திருக்கோம். நாப்பத்தாறு வருசத்துல பேச வேண்டியதெல்லாம் பேசி முடிச்சாச்சு” என்றார். தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டு, “ஏழு மணிய மட்டும் எட்டு மணியா மாத்திக்க முடியுமானு டார்லீன் கேக்கச் சொன்னா” என்றார். இந்த நாட்டில் எனக்குப் புரிந்த முதல் வாக்கியம் அது.

அந்தத் தெம்பில்தான் நேற்று ரோஸ்விதாவிடம் கேட்டேன். காரில் உட்கார்ந்தபடியே காபி வாங்கும் இடத்தில் வரிசையில் நின்றோம், முன்னே ஒரு கார், பின்னே ஆறு கார், அவள் தப்பித்துப் போக முடியாது, அதனால்தான் அந்த இடம். அவள் ஜன்னலை இறக்கியதும் நான் கண்ணை மூடிக்கொண்டு நம் ஊர்ப் பேச்சில் சத்தமாக, “ரோஸ்விதா, ஊருக்கு வந்து அத்தையோட விடுதிய எடுத்துக்கறியா?” என்றேன். வெளியே கம்பத்திலிருந்து ஆர்டர் கேட்கும் ஒலிபெருக்கி, “மன்னிக்கணும் சார், அது எங்ககிட்ட இல்லியே. சின்ன கப்பா, பெரிய கப்பா?” என்றது. ரோஸ்விதா ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள், பின்னால் கார்கள் ஒலி எழுப்பும்வரை சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், “நல்ல யோசனைப்பா. ரொம்ப ரொம்ப நல்ல யோசனை. கண்டிப்பா அதப்பத்திப் பேசணும்” என்றாள்.

ஆக, வேலை முடிந்தது அக்கா. ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை ‘ரொம்ப’ சொன்னாள். மாடியில் ஏரியைப் பார்த்த அறையைத் திறந்து காற்றாட விடு, மெத்தையை வெயிலில் போடு, பாதிரியாரிடமும் சொல்லிவை, அவர் மூலம் ஊருக்கே தெரிந்துவிடும். உனக்கு ஆண்டவர் புதுக் கால்களைத் தராவிட்டாலும் இருப்பதை இன்னும் சில காலம் ஓட்டித் தரட்டும். அங்கே என்னை விசாரிப்பவர்களுக்கு என் முழு வணக்கம், விசாரிக்காதவர்களுக்குப் பாதி.

உன் கட்டளையை நிறைவேற்றிய தம்பி,
கொன்ராட்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ரோஸ்விதா வேலையிலிருந்து வந்து, “படிச்சுக் காட்டுங்கப்பா” என்றாள். படித்தேன். கடைசிப் பத்தியில் அவள் முகம் மாறியது. “அப்பா, நல்ல யோசனைன்னா இங்க மாட்டேன்னு அர்த்தம்” என்றாள். “அத நேரா சொல்றதுக்கென்ன?” என்றேன். “பன்னெண்டு வருஷமாச்சு. அந்த வார்த்தை வாயில வரமாட்டேங்குது” என்றாள். “நம்ம பேச்சுல சொல்லிப் பாரு” என்றேன். எழுந்து நின்று, இடுப்பில் கை வைத்து, “மாட்டேன். எனக்கு இங்கதான் பிடிச்சிருக்கு. என் நோயாளிங்கள விட்டுட்டு வரமாட்டேன்” என்றாள். அக்கா, அசல் உன் குரல். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனாலும் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டேன், ஒரு மாதத்தில் இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் நேரான பதில் அல்லவா? ஆகையால் மெத்தையை வெயிலில் போட வேண்டாம். நானும் கிறிஸ்துமஸ் வரை வரவில்லை, வெர்னனுக்கு நம் சீட்டாட்டம் பாதிதான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அதற்குள்ளேயே ஏமாற்றப் பழகிவிட்டார். இன்னொரு சங்கதி. உன் அடுப்படியில் ஒன்பது வருடமாக நிற்கும் சமையல்காரி யெலேனா, ஒவ்வொரு ஈஸ்டருக்கும் “விடுதிய எங்கிட்ட குடுங்கம்மா, நான் நடத்தறேன்” என்று நேராகக் கேட்கிறாள். நீ ஒவ்வொரு தடவையும் “பாக்கலாம்” என்கிறாய். ரோஸ்விதா உன்னிடம் கேட்டு எழுதச் சொன்னாள்: “அத்தை எப்ப அமெரிக்காவுக்கு வந்தாங்களாம்?”