நிதியாண்டுக்குள் காய்த்த காபி

அச்சங்குளத்து மக்களின் வாழ்வில் குளிர்ச்சியைப் புகுத்தும் உயரிய நோக்கோடு, அங்கே காபி பயிரிடுவது என்று மாற்றுப்பயிர்ச் சிறப்பு அலுவலகம் தீர்மானித்தது. காபிக்கு மலை வேண்டும், மழை வேண்டும், நிழல் வேண்டும். இவற்றில் அச்சங்குளத்தில் இருந்தது, தண்ணீர்த் தொட்டியின் நிழல் மட்டும்தான். "நிழல் எதனுடையது என்று விதியில் குறிப்பிடப்படவில்லை" என்று கோப்பில் எழுதி ஒப்பமிட்டார் திட்ட அதிகாரி முத்துக்கிருஷ்ணன். இப்படித்தான் தொட்டியைச் சுற்றியிருந்த புறம்போக்கு காபித் தோட்டமானது. தெருக் குழாயும் தோட்டத்துக்கே திரும்பியது.

மாரித்தாய்க்குக் காபி மேல் பகையில்லை. பட்டாசு கம்பெனியில் சரவெடி பின்னுகிறவள். காலையில் கம்பெனி வேன் வருவதற்குள் ரெண்டு குடம் நல்ல தண்ணீர் பிடிக்க வேண்டும். அவளுடைய அரசியல் அவ்வளவுதான். இப்போது அந்த ரெண்டு குடத்துக்கு ஒன்றரை மைல் நடந்தாள்.

விதையை மணலில் புதைத்தார்கள். ஒன்றரை மாதத்தில், விதையைத் தலையில் சுமந்தபடி நாற்று விறைப்பாக நிமிர்ந்தது. அதிகாரியைக் கண்டு எழுந்து நின்றதாக அறிக்கை போயிற்று. விதைத்தொப்பி கழன்று ரெண்டு இலை விரிந்ததும் பைக்கு மாற்றினார்கள். ஐப்பசியில் நட்டார்கள். மாசி வெயிலில் இலையெல்லாம் அப்பளமாய்ப் பொரிந்தது.

மாரித்தாய் அலுவலகத்துக்குப் போனாள்.

"சார், எங்க குழாயை எப்பத் திருப்பி விடுவீக?"

"அறுவடை முடிஞ்ச மறுநாளே விட்ருவோம்மா. ஆர்டர்லயே இருக்கு."

"காபி காய்க்க மூணு நாலு வருசம் ஆகும்ங்காக?"

"அது செடியோட கருத்து. திட்டம் மார்ச் முப்பத்தொண்ணுல முடியுது."

"செடியே பட்டுப்போச்சு சார்."

"எங்க பதிவேட்டுல அது இன்னும் பூக்கவே இல்ல. பூக்காம எப்படிம்மா பட்டுப்போகும்? கோடையில ஒரு மழை விழுந்தாத்தான் காபி பூக்கும். மழை வரலையா, குழாய்த் தண்ணிய இன்னும் ரெண்டு மணி நேரம் கூடுதலாத் தெளிக்கச் சொல்லியிருக்கேன்."

"அந்த மழைய எங்க குடத்துல பெய்ய விடுங்க சார், நாங்க பூத்துக்கிறோம்."

அவர் அடுத்த கோப்பைப் பிரித்தார்.

திரும்பி வந்த மாரித்தாயைத் தோட்டத்து விளம்பரப் பலகை முன்னால் நிறுத்தினாள் பக்கத்து வீட்டு பானுப்பிரியா. பலகையில் காய்த்த காபிக் கிளையின் படம் இருந்தது.

"மதினி, அறுவடை முடிஞ்சாத்தான தண்ணி? முடிச்சு விட்ருவோம்."

"எதை அறுக்க? சுள்ளியவா?"

"படத்தைப் பாருங்க. கணுவுக்குக் கணு செவப்பா அப்பிக்கிட்டு... நாம பின்னுற சரம் கணக்காவே இல்ல?"

மாரித்தாய் பார்த்தாள். அப்படியே இருந்தது.

ரெண்டு ஞாயிற்றுக்கிழமை போதுமானதாயிருந்தது. பழைய தாளை ஊறவைத்து உருட்டி, செவப்புத் தாள் சுற்றி, பசை தடவி, பட்ட செடிகளில் கொத்துக் கொத்தாகப் பின்னிவிட்டார்கள் தெருப் பெண்கள்.

மார்ச் முப்பதாம் தேதி முத்துக்கிருஷ்ணன் கேமராவோடு வந்தார். "பழுத்ததை மட்டும் ஒவ்வொண்ணாப் பறிக்கணும், காயில கை வைக்கக் கூடாது" என்று விளக்கிக்கொண்டே ஒரு பழத்தைப் பறித்து நசுக்கினார். விரலில் தாள் பிரிந்தது. அக்கம்பக்கம் பார்த்தார்.

"சாயம் போகுமா?" என்றார் மாரித்தாயிடம் மெதுவாக.

"மழை பெஞ்சாத்தான் சார்."

"அப்பப் பயமில்ல."

அறுவடை சரித்திரம் காணாத வெற்றி என்று அறிவிக்கப்பட்டது. மறுநாள் விடியுமுன்னே குடத்தோடு குழாயடியில் நின்றாள் மாரித்தாய். தண்ணீர் வரவில்லை, அதிகாரியின் ஜீப் வந்தது. மகத்தான விளைச்சலை முன்னிட்டுத் திட்டம் மேலும் பன்னிரண்டு ஊர்களுக்கு நீட்டிக்கப்பட்டிருந்தது. அந்த ஊர்க் குழாய்களும் செடிகளுக்கே.

"மாரித்தாயம்மா, பன்னெண்டு ஊருக்கும் பழம் வேணும். எம்புட்டு நாளாகும்?"

அவளுக்கு வாயில் வந்தது வேறு. சொன்னது இது: "தாள் ஊறணும், பசை காய்ச்சணும். தண்ணியில்லாம எந்தப் பழம் சார் பழுக்கும்?"

"உப்புத் தண்ணி ஆகாதா?"

"செவப்பு ஒட்டாது சார். நல்ல தண்ணிதான் வேணும். தெனமும்."

சாயங்காலமே லாரி வந்தது. 'பசைக்கு மட்டும்' என்று அதில் எழுதியிருந்தது. தெருவே பசைத் தண்ணீரில் சோறு பொங்கிற்று, பிள்ளைகளைக் குளிப்பாட்டிற்று. பன்னிரண்டு ஊரும் செய்தி கேட்டுப் பழம் உருட்டத் தொடங்கின. அங்கேயும் லாரி போயிற்று. குடிக்கத் தண்ணீர் கேட்டபோது இல்லாத நிதி, பசைக்கென்றதும் ஊற்றெடுத்தது.

இந்த நிலையில்தான் ஊர்க்காரர் வெள்ளைத்துரை, காபிப் பொய்யை அம்பலப்படுத்தியே தீருவதென்று நாலு பக்கத்துக்கு மனு எழுதி எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவரைத் தெருமுனையில் மறித்தது மாரித்தாய்தான்.

"அண்ணாச்சி, காலையில என்ன தண்ணி குடிச்சீக?"

அவர் லாரியைத் திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்கு என்னத்தக் குடிக்கப் போறீக?"

மனுவை அவளே வாங்கித் தாள் ஊறுகிற தொட்டியில் போட்டாள்.

நல்ல கனமான தாள். நாற்பது பழம் தேறியது.