மதகு கட்டின மூக்குத்தூள் குப்பி

குப்பி எண்டு சொன்ன உடனே இஞ்ச பாதிப்பேரின்ர முகம் கறுத்துப் போச்சு. கழுத்தில கட்டின அந்த நஞ்சுக் குப்பி இல்லையப்பா. மற்றப் பாதி நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு கதிரையை முன்னுக்கு இழுக்குது. அந்தப் போத்தலும் இல்லை. இது அந்தக்காலத்துச் சீனாக்காரர் மூக்குத்தூள் போட்டு வச்ச, பெருவிரலளவு குப்பி. மேன்மைதங்கிய விசயம். ஒழுங்கா இருந்து கேளுங்கோ.

எங்கட பகுதிக்குப் பொறுப்பான அதிகாரி செல்வராசா ஐயா சீனாவுக்குப் பயிற்சிக்குப் போய்வந்தவர். நீர்ப்பாசனம் படிக்கத்தான் போனவர். படிச்சுக்கொண்டு வந்தது புராதன மூக்குத்தூள் குப்பி சேர்க்கிறது. கந்தோர் அலுமாரியில கிடந்த கோவையளை நிலத்தில இறக்கிப்போட்டு, கண்ணாடி பூட்டி, லைற் போட்டுக் குப்பி அடுக்கினார். அதுக்குப் பிறகு கிளிநொச்சியில குப்பி இல்லாத அதிகாரியை ஆரும் அதிகாரியா மதிக்கிறேல்லை.

வட்டக்கச்சித் தங்கம்மாக்காவுக்கு உது ஒண்டும் தெரியாது எண்டுதான் நானும் நினைச்சன். அவாக்கு ஒரு மதகு வேணும். வாய்க்காலைக் கடந்து வயலுக்குப் போற மதகு உடைஞ்சு கிடக்கு, வெட்டு மிசின் இறங்க ஏலாது, நெல்லு முத்திக் கொட்டப்போகுது. ஐயாவின்ர மேசைக்கு முன்னால நிண்டா. ஐயா நிமிரேல்லை. அவா மடியில இருந்து ஒரு குப்பியை எடுத்து, ஒரு சிட்டிகை இழுத்து, கந்தோர் அதிரத் தும்மினா.

ஐயா கதிரையால எழும்பிட்டார்.

“அம்மா, இது எங்கால?”

“அந்த ஒடஞ்ச மதகுக்கிட்டதாங்க ஐயா கெடந்துச்சு.”

ஐயா பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தார். உள்பக்கத்தில கொக்குப் படம். அடியில ‘சீனாவில் செய்தது’ எண்டு இங்கிலீசில கிடக்கு.

“பாத்தீரே கிருபன்!” எண்டார் கிளாக்கரிட்ட. “அவங்களே எழுதி வச்சிருக்கிறாங்கள். இனியென்ன சாட்சி?”

“ஐயா, அந்தக்காலத்துச் சீனாக்காரர் இங்கிலீசில...”

“உமக்குச் சரித்திரம் தெரியுமோ? அம்மா, மதகு உடைஞ்சு எவ்வளவு காலம்?”

“நாங்க வந்து குடியேறுன காலத்துலயே ஒடஞ்சுதாங்க கெடந்துச்சு. மனு குடுத்துக் குடுத்து என் தலையும் நரைச்சிருச்சு.”

“கேட்டீரே? எமது அலுவலகம் திருத்தாமல் விட்டபடியால்தான் புராதனச் சின்னம் பாதுகாக்கப்பட்டிருக்கு!”

“அப்ப மதகு?”

“மதகு இல்லாமல், இடத்தைப் பாக்க வாற புராதனப்பொருள் நிபுணர் எப்பிடி அங்கால போறது? உடனடியாகக் கட்டப்படும்.”

குப்பி, பொதுமக்கள் நலன்கருதி, ஐயாவின்ர அலுமாரிக்குள்ள போய்ச் சேர்ந்திட்டுது. மதகு, நம்பமாட்டியள், வெட்டுக்கு முந்தியே எழும்பிட்டுது.

திறப்புவிழாவுக்கு ஊரே கூடிச்சுது. கொழும்பில இருந்து புராதனப்பொருள் நிபுணர் கோட்டுப் போட்டு வந்து வேர்த்துக்கொண்டு நிண்டார். குப்பியை மணந்து பாத்து, கண்ணை மூடி, “அரச வம்சத்துக்குரியது” எண்டார். சனம் விழுந்து விழுந்து கை தட்டிச்சுது. ஏன் இவ்வளவு தட்டுது எண்டு ஐயா யோசிக்கேல்லை. றிபன் வெட்டின கையோட தங்கம்மாக்கா மிசின் றைவரைப் பாத்து, “பேச்சு முடியுற வரைக்கும் நிக்காத, ஏத்து!” எண்டா. மிசின் மதகால ஏறி வயலுக்குள்ள இறங்கிட்டுது.

அந்த நேரம் பாத்து, புளியங்குளச் சந்தியில பான்சிக்கடை வச்சிருக்கிற றஜித் ஆக்களை இடிச்சுக்கொண்டு முன்னுக்கு வந்தான். நிபுணரைக் கண்டதும் வாயெல்லாம் பல்லு.

“அட, எங்கட மொத்த யாவார ஐயா! உங்களுக்குப் போன் அடிச்சுக் களைச்சுப்போனன். நீங்கள் இறக்கித் தந்த குப்பி கடைசிப் பெட்டியும் முடிஞ்சுது. தங்கம்மாக்கா வாங்கின ராசி, றோட்டுக்கு, கிணத்துக்கு, காணிக்கெண்டு இஞ்ச நிக்கிற அவ்வளவு சனமும் வாங்கிட்டுது. கிளாக்கர் ஐயா மட்டும் இடமாற்றத்துக்கெண்டு ரெண்டு!”