மூன்று மணி நேரத் தலைவர்

வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை தன் வீட்டில் தான்தான் தலைவர் என்று காட்டிவிடுவதென அனுபவம் சார் தீர்மானித்தார். மூன்று மணி நேரம்தான். அதற்கு மேல் தாக்குப்பிடிக்கும் என்று அவருக்கே நம்பிக்கை இல்லை.

அந்தப் பெயர் அவருக்கு வயதாலோ அறிவாலோ வந்ததல்ல. ஐந்து நட்சத்திர ஓட்டல் ஒன்றின் வரவேற்புக் கூடத்தில், பெரிய பூஜாடிக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு மேசை. சட்டையில் குத்தியிருக்கும் பட்டையில் ‘உள்ளூர் அனுபவ அலுவலர்’ என்று எழுதியிருக்கும். தங்க வந்தவர்கள் குளித்து, சாப்பிட்டு, தூங்கி, மறுபடியும் குளித்து, இனி என்ன செய்வதென்று தெரியாமல் கீழே இறங்கி வருவார்கள். அவர்களுக்கு ஓர் அனுபவத்தை ஏற்பாடு செய்து கொடுப்பது அவர் வேலை. படகுச் சவாரி, மண்பானை வனையும் வகுப்பு, விடியற்காலையில் பறவை பார்ப்பது, பழைய தெருக்களில் சைக்கிள் பயணம். பதினோரு வருடமாக ஊராருக்கெல்லாம் அனுபவம் வாங்கிக் கொடுத்தவர், தன் மனைவியை அதே ஊர் ஏரிக்கரை வரைக்கும்கூட அழைத்துப் போனதில்லை.

சிக்கல் செவ்வாய்க்கிழமை ஆரம்பித்தது. மேனேஜர் அம்மா அவரைக் கூப்பிட்டு, விருந்தினர்கள் எழுதிவிட்டுப் போன கருத்துப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார்.

“இதைப் படிங்க.”

‘படகில் போனோம். தண்ணீர் இருந்தது’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘பறவை பார்க்கப் போனோம். பறவைகள் எங்களைப் பார்த்துவிட்டுப் போய்விட்டன’ என்று இன்னொருவர். மூன்றாவது ஆள் ஒன்றும் எழுதவில்லை. தான் வனைந்த பானையைப் படமாக வரைந்திருந்தார். அது பானையாகவும் இல்லை, படமாகவும் இல்லை.

“இவங்களுக்கு வேடிக்கை அலுத்துப் போச்சு. நிஜமா மனுஷங்க எப்படி வாழறாங்கன்னு பாக்கணுமாம். அப்படி ஏதாவது உங்ககிட்ட இருக்கா? இல்லேன்னா அந்த மேசையை எடுத்துட்டு ரெண்டாவது பூஜாடி வைக்கலாம்னு தலைமை அலுவலகத்துல சொல்றாங்க.”

ஜாடிக்கு இடம் கொடுத்துவிட்டு எங்கே போவது? அனுபவம் சார் வாயைக் கொடுத்தார்.

“ஒரு வீடு இருக்கு மேடம். சாதாரணக் குடும்பம். புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேர்தான். பையன் வெளியூர்ல வேலையில இருக்கான். ரொம்ப ஒழுங்கான வீடு.”

“யார் வீடு?”

“என் வீடு மேடம்.”

சொன்ன பிறகுதான் அந்த வீட்டில் இன்னொருவரும் இருக்கிறார் என்பது அவருக்கு உறைத்தது.

புதன்கிழமை முழுக்க உட்கார்ந்து நிகழ்ச்சி நிரலை எழுதினார். ‘ஓர் இல்லத்தில் ஒரு காலை’ என்று தலைப்பு. ‘குடும்பத் தலைவர் விருந்தினரை வரவேற்றுத் தம் நாற்காலியில் அமர்ந்து உரையாடுவார். இல்லத்தரசி அவர் குறிப்பறிந்து, கேட்குமுன் தேநீர் கொண்டுவருவார்’ என்று போயிற்று. எழுத எழுத அவருக்கே அந்த வீட்டில் போய் இருக்க வேண்டும்போல் ஆசையாக இருந்தது. ஒரு பிரதியை மேனேஜர் அம்மாவின் மேசையில் வைத்தார். இன்னொன்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டார்.

அன்று மாலை மனைவியிடம் பேச்சைத் தொடங்கினார். அவள் குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுப்பவள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று தினமும் நூறு பேர் கத்துவதைக் கேட்டுக் கேட்டு, யார் என்ன சொன்னாலும் பதறாத ஒரு நிதானம் அவளுக்கு வந்திருந்தது. கல்யாணமான புதிதில் அதைப் பொறுமை என்று அவர் தப்பாகப் புரிந்துகொண்டார்.

“சனிக்கிழமை காலையில நம்ம வீட்டுக்குச் சில பேர் வராங்க.”

“எதுக்கு?”

“வீட்டைப் பாக்க.”

“விக்கப் போறீங்களா?”

“அதில்லம்மா. ஓட்டல்ல ஒரு கணக்கெடுப்பு. வேலை பாக்கறவங்க குடும்பமெல்லாம் எப்படி இருக்குன்னு பாக்கறாங்க. வீடு ஒழுங்கா இருந்தா ஆளும் ஒழுங்கா இருப்பான்னு ஒரு எண்ணம்.”

“நம்ம வீடு ஒழுங்காத்தானே இருக்கு.”

“வீடு ஒழுங்குதான். வீட்டுல யாரு…” அவர் பேச்சைத் திருப்பினார். “அவங்க முன்னாடி, நான் சொல்றதை நீ கேக்கற மாதிரி இருந்தா நல்லா இருக்கும்.”

“கேக்கற மாதிரியா, கேக்கணுமா?”

“கேட்டா இன்னும் நல்லது.”

“எவ்வளவு நேரம்?”

“பன்னிரண்டு மணி வரைக்கும்.”

“சரி.”

ஒரு வாதம் இல்லை, ஒரு முறைப்பு இல்லை. இருபத்தாறு வருடத்தில் இவ்வளவு சுலபமாக அவருக்கு ஒரு ‘சரி’ கிடைத்ததே இல்லை. புத்தியுள்ள ஆள் அங்கேயே சந்தேகப்பட்டிருப்பார். அனுபவம் சாரோ மகிழ்ந்துபோய், குளியலறைக் கண்ணாடி முன் நின்று, “கொஞ்சம் தண்ணி கொண்டா” என்று நான்கைந்து விதமாகச் சொல்லிப் பழகினார். கடைசியாக வந்த விதம் அவருக்கே பயமாக இருந்ததால் அதைத் தள்ளிவிட்டார்.

வியாழக்கிழமை அமைதியாகக் கழிந்தது. வெள்ளிக்கிழமை முழுவதும் அவர் ஏரியில், பறவைகள் வராத இடத்தில், பறவை பார்க்க வந்தவர்களோடு நின்றுகொண்டிருந்தார். அதனால் ஓட்டலில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது.

சனிக்கிழமை சரியாக ஒன்பது மணிக்கு ஓட்டல் கார் வாசலில் வந்து நின்றது. சலவைச் சட்டையும் கையில் செய்தித்தாளுமாக அனுபவம் சார் நாற்காலியில் தயாராக இருந்தார். காரிலிருந்து ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரும் அவர் மனைவியும் இறங்கினார்கள். அந்த அம்மாளின் முகத்தில் திருவிழாவுக்குப் போகிற களை. நீதிபதியின் முகத்தில், தன் வழக்குக்குத் தானே தீர்ப்பு எழுத வந்தவர்போல ஒரு சோகம். அவர் இடுப்பில் ஒரு சமையல் துணி கட்டியிருந்தது.

“நீங்கதானா அது? உங்களைப் பாக்கணும்னுதான் வந்தோம்” என்றாள் நீதிபதியின் மனைவி. “நாப்பது வருஷமா இவருக்குச் சமையலறை வீட்டுல எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியாது. இந்த அட்டையைப் பாத்ததும் ஏரியாவது படகாவதுன்னு இதுக்குப் பதிவு பண்ணிட்டேன்.”

அவள் நீட்டிய அட்டையை அவர் வாங்கிப் பார்த்தார். தலைப்பு அவருடையதுதான். அதற்குக் கீழே ஒரு வரிகூட அவருடையதில்லை.

‘காலை 9.00: வீட்டுக்காரர் தரை பெருக்கித் துடைப்பார். 9.45: துணி துவைப்பார், கையால். 10.30: காய் நறுக்கிச் சமைப்பார். 11.30: பாத்திரம் தேய்ப்பார். இருபத்தாறு வருடமாக எல்லா வேலையும் தானே செய்துவரும் ஒரு கணவரிடம் விருந்தினரில் ஆண்கள் நேரடியாகக் கற்றுக்கொள்ளலாம்.’

அனுபவம் சாரின் முகத்தில் ஈயாடவில்லை. அச்சில் ஏதோ குளறுபடி என்று சொல்ல வாயெடுத்தார். வாசல் பக்கம் ஓட்டல் டிரைவர் நின்றுகொண்டிருந்தார். அவர் பார்ப்பதெல்லாம் ஒரு மணி நேரத்தில் மேனேஜர் அம்மாவின் காதுக்குப் போய்விடும். பூஜாடி நினைவுக்கு வந்தது. வாய் தானாக மூடிக்கொண்டது.

அப்போது அவர் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். தலையைச் சற்றுக் குனிந்து, தொலைபேசியில் பேசும் அந்தக் குரலில் கேட்டாள்.

“என்னங்க, இன்னிக்கு நான் என்ன செய்யணும்? நீங்க சொல்றபடி கேக்கறேன்.”

“எவ்வளவு பணிவு பாருங்க” என்றாள் நீதிபதியின் மனைவி, தன் கணவரிடம்.

மூன்று பேரும் அனுபவம் சாரைப் பார்த்தார்கள். அவர் நாற்காலியைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். கண்ணாடி முன் பழகியது எதுவும் இதற்குப் பொருந்தவில்லை.

“நீ உக்காரு” என்றார்.

அவள் உடனே உட்கார்ந்தாள். அவருடைய நாற்காலியில்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவர் உத்தரவுப்படிதான். தரை துடைக்கும் துணி எங்கே என்று அவர் தேடும்போது, “சொல்லட்டுமாங்க?” என்று அவள் அனுமதி கேட்டாள். “சொல்லு” என்றார். சொன்னாள். “நான் வரட்டுமாங்க?” என்றாள். “வேணாம், நீ பேசிட்டிரு” என்றார். பேசிக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லை அவள் தட்டவில்லை. இப்படி ஒரு கீழ்ப்படிதலை அவர் கனவில்கூடக் கண்டதில்லை. இதற்கு மேல் இப்படிக் கீழ்ப்படிந்தால் உயிர் தாங்காது என்றும் தோன்றியது.

பின்கட்டில் நீதிபதியும் அவரும் ஒரே வாளிக்கு முன்னால் குந்தினார்கள். நீதிபதி ஒரு போர்வையைத் தூக்கி, பிழிந்து, அதைவிட அதிகமாகத் தன்னை நனைத்துக்கொண்டார்.

“எத்தனை வருஷமாச் செய்யறீங்க?” என்று மெதுவாகக் கேட்டார்.

“இருபத்தாறு வருஷமா.”

“முப்பது வருஷம் பொய்ச் சாட்சி கேட்டவன் நான். சோப்பை நீங்க பிடிக்கற விதமே சொல்லுது. உண்மையைச் சொல்லுங்க.”

அனுபவம் சார் சுற்றுமுற்றும் பார்த்தார். “இன்னிக்குத்தான் சார். அந்த அட்டையை யாரோ மாத்திட்டாங்க.”

“யாருன்னு தெரியுமா?”

“தெரியல சார். நீங்க உங்க வீட்டம்மாகிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா, இதை இத்தோட நிறுத்திடலாம். ரெண்டு பேருமே எந்திரிக்கலாம்.”

நீதிபதி யோசித்தார். கூடத்திலிருந்து அவர் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. வாய்விட்ட சிரிப்பு. அவர் கையிலிருந்த போர்வையை அப்படியே வைத்துக்கொண்டு அதைக் கேட்டார்.

“அவ இப்படிச் சிரிச்சு நான் ரொம்ப நாளாக் கேக்கல” என்றார். “உங்க மனுவைத் தள்ளுபடி பண்றேன். அந்தப் பக்கத்து முனையைப் பிடிங்க, பிழியலாம்.”

சமையலறையில் இன்னும் மோசம். உப்பு டப்பா என்று அனுபவம் சார் எடுத்ததெல்லாம் சர்க்கரையாக இருந்தது. அரைப் பாத்திரம் தித்தித்த பிறகுதான் உப்பு கிடைத்தது. நீதிபதி மட்டும் வெங்காயத்தோடு ஒன்றிவிட்டார். கண்ணில் நீர் வழிய வழிய, ஒரே அளவாக, ஒரே கனமாக, சட்டப் புத்தகத்தின் பக்கங்களைப்போல நறுக்கித் தள்ளினார். போதும் என்று சொல்லியும் நிறுத்தவில்லை. கடைசியில் அன்று சமைத்தது வெங்காயம்தான். அதில் எங்கேயோ இரண்டு உருளைக்கிழங்கும் இருந்தன.

“எப்படி இருக்கு?” என்று அனுபவம் சார் மனைவியிடம் கேட்டார், பிழைத்துப்போக ஒரு வழி கிடைக்குமா என்று.

“நீங்க என்ன சொல்லச் சொல்றீங்களோ அதைச் சொல்றேங்க” என்றாள்.

பன்னிரண்டு மணிக்குக் கார் கிளம்பியது. போகும்போது நீதிபதியின் மனைவி இவர் மனைவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “குடுத்து வெச்சவங்கம்மா நீங்க” என்றாள். அனுபவம் சாருக்கு முதுகை நிமிர்த்தி வணக்கம் சொல்ல முடியவில்லை. குனிந்தபடியே சொன்னார். அதையும் அடக்கம் என்றே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை மேனேஜர் அம்மா எழுந்து நின்று அவரை வரவேற்றார். பதினோரு வருடத்தில் அது முதல் தடவை.

“ரெண்டு மாசத்துக்கு எல்லாச் சனிக்கிழமையும் பதிவாயிடுச்சு. எல்லாமே பெண்கள்தான் பதிவு பண்றாங்க, வீட்டுக்காரரோட. உங்க மேசையை இனி யாரும் அசைக்க முடியாது.”

“மேடம், அந்த நிரலை… நான் எழுதினது வேற மாதிரி…”

“தெரியும் தெரியும். நீங்க உங்களைப் பத்திப் பெருமையா எழுதிக்கக் கூச்சப்பட்டு, சும்மா நாற்காலியில உக்காந்திருப்பேன்னு எழுதிட்டீங்க. நல்லவேளை, வியாழக்கிழமை உங்க வீட்டம்மா ஃபோன் பண்ணாங்க. ‘அவருக்குத் தற்பெருமை பிடிக்காது மேடம், செய்யற வேலையை வெளியில சொல்ல மாட்டார், நான் சொல்றேன், எழுதிக்குங்க’ன்னு ஒண்ணொண்ணாச் சொன்னாங்க. என்ன நிதானமான குரல் சார் அவங்களுக்கு. நான் நேத்து என் வீட்டுக்காரர்கிட்டகூட உங்களைப் பத்திச் சொன்னேன்.”

மேனேஜர் அம்மாவின் வீட்டுக்காரர் யாரென்று அவருக்குத் தெரியாது. ஆனால் இந்த உலகத்தில் தன்னை வெறுக்கும் ஆண்களில் இன்னொருவர் சேர்ந்துவிட்டார் என்று மட்டும் புரிந்தது.

மாலையில் வீட்டுக்குப் போனார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாள். அவர் நின்றபடியே ஆரம்பித்தார்.

“எல்லாச் சனிக்கிழமையும் வரப் போறாங்களாம். உனக்குத்தான் சிரமம். முடியாதுன்னு சொல்லிடட்டுமா?”

“எனக்கு என்ன சிரமம்? நான் ஒரு வேலையும் செய்யறதில்லையே. அட்டையிலேயே போட்டிருக்கு.”

“அதைச் சொல்லிக் குடுத்ததே நீதான்னு மேடம் சொல்லிட்டாங்க.”

“ஆமா” என்றாள், பக்கத்தைத் திருப்பியபடி. “கணக்கெடுப்புன்னு நீங்க என்கிட்டச் சொன்னீங்க. உங்க கணக்கு கொஞ்சம் தப்பா இருந்துது, திருத்திக் குடுத்தேன்.”

“நான் எழுதினது உன் கைக்கு எப்படி வந்துது? மேடத்தைத் தவிர நான் யாருக்குமே காட்டலையே.”

அவள் செய்தித்தாளை மடித்து மடியில் வைத்தாள். நூறு புகார்களுக்குப் பதில் சொல்லிவிட்டு வந்த அதே நிதானத்தோடு அவரைப் பார்த்தாள்.

“வியாழக்கிழமை துவைக்க எடுத்தப்போ சட்டைப் பையில இருந்துது. கவலைப்படாதீங்க, இனிமே உங்க ரகசியம் எதுவும் வெளியில போகாது. துணி துவைக்கறது நீங்கதானே.”